கட்டுரையைத் திருத்துவது யார் வேலை?

மணப்பாறைக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் தமிழ் நடத்துகிறேன். பிள்ளைகளுக்கு நான் தமிழம்மா. வேலையில் சேர்ந்து முதல் பத்தாண்டுகள், கட்டுரை நோட்டுத் திருத்துவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வகுப்பில் 42 பேர். ஒரு நோட்டுக்கு நான்கு நிமிடம் என்றாலும் 168 நிமிடம். மூன்று மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தால் விளக்கு வைக்கும் வரை சிவப்பு மை ஓடும். விட்டுப்போன ஒற்றைப் போடுவேன், ளகரத்தை ழகரமாக்குவேன், ஒருமையைப் பன்மையாக்குவேன். திங்கட்கிழமை நோட்டைக் கொடுத்ததும் பிள்ளைகள் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள், மூடிப் பைக்குள் வைப்பார்கள். அடுத்த கட்டுரையில் அதே பிழை அதே இடத்தில் வந்து நிற்கும்.

ஒரு மாணவன் 'மகிழ்ச்சி' என்பதை 'மகிள்ச்சி' என்றே எழுதுவான். ஒரு முறை கோபம் வந்து பத்துத் தடவை எழுதி வரச் சொன்னேன். எழுதி வந்தான். முதல் ஐந்து சரி. ஆறாவதிலிருந்து மறுபடியும் 'மகிள்ச்சி'. அவனுடைய நோட்டை முன்பக்கம் வரை புரட்டிப் பார்த்தேன். ஜூன் மாதத்திலிருந்து அந்தச் சொல்லை ஆறு முறை திருத்தியிருந்தேன். ழகரம் எழுதிப் பழகியது நான்தான், அவனல்ல.

அதற்குப் பிறகு சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு வேறு வழி தேடினேன். ஏழெட்டு ஆண்டுகளாகத் தடுமாறித் தடுமாறி ஒரு முறைக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கட்டுரை எழுத வைக்கும் எந்த ஆசிரியருக்கும், வீட்டில் பிள்ளையின் நோட்டோடு மல்லுக்கட்டும் பெற்றோருக்கும் இது பயன்படும்.

ரஃப் நோட்டுக்குச் சில சட்டங்கள்

திருத்தி எழுதுவதற்குத் தாளில் இடம் வேண்டும். நெருக்கி எழுதிய பக்கத்தை எந்தப் பிள்ளையும் திருத்தாது. திருத்தினால் அசிங்கமாகிவிடும் என்ற பயம். அதனால் முதல் எழுத்து எப்போதும் ரஃப் நோட்டில், ஒரு வரி விட்டு ஒரு வரி, வலப்பக்கம் மட்டும். இடப்பக்கம் காலி. பின்னால் நினைவுக்கு வருவதெல்லாம் அங்கே போய் உட்காரும்.

அழிரப்பர் கூடாது. வெள்ளை மை கூடாது. வேண்டாத சொல்லை ஒரே கோட்டால் அடிக்க வேண்டும், அடித்தது கண்ணுக்குத் தெரிய வேண்டும். சில சமயம் அடித்த வரிதான் நல்ல வரியாக இருக்கும். மூன்றாம் நாள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். சுத்தமாக எழுதுகிற பிள்ளைகளுக்கு, குறிப்பாக முதல் பெஞ்சுப் பெண் பிள்ளைகளுக்கு, இந்தச் சட்டம்தான் மிகவும் கஷ்டம். ஒரு மாணவி அடித்த வரியின் மேல் வெள்ளைத் தாள் ஒட்டிக்கொண்டு வந்தாள். "அடித்தல் திருத்தல் இருந்தால் மதிப்பெண் போய்விடுமே அம்மா" என்று கண் கலங்கினாள். அவளை அப்படிப் பழக்கியது என்னைப் போன்றவர்கள்தான்.

எழுதிய அன்றே திருத்தச் சொல்லாதீர்கள். நான் வியாழக்கிழமை எழுத வைக்கிறேன், திங்கட்கிழமை திறக்கச் சொல்கிறேன். இடையில் மூன்று நாள் கிடந்தால் எழுதியவளுக்கே அது அடுத்த வீட்டுப் பெண் எழுதியது போலத் தோன்றும். நேரமே இல்லை என்றால் ஓர் இரவாவது போகட்டும்.

முதலில் அடிபட வேண்டியது ஆசிரியர்

எழுதியதைத் திருத்துவது எப்படி இருக்கும் என்று பெரும்பாலான பிள்ளைகள் பார்த்ததே இல்லை. புத்தகத்தில் அச்சான வரியைப் பார்த்திருக்கிறார்கள், கரும்பலகையில் பிசிறில்லாமல் எழுதிப்போடும் பதிலைப் பார்த்திருக்கிறார்கள். எழுதத் தெரிந்தவர்களுக்கு முதல் தடவையிலேயே சரியாக வந்துவிடும் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வருகிறது. அதனால் ஆண்டின் முதல் வகுப்பில் நானே பலகையில் ஒரு பத்தி எழுதுகிறேன், அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுகிறேன்.

சென்ற ஆண்டு எழுதியது இது: 'கார்மேகங்கள் திரண்டன. மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மக்கள் அங்குமிங்கும் ஓடினர். மழை நின்றதும் அனைவரும் மகிழ்ச்சியில் திளைத்தனர்.'

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. தமிழம்மா எழுதியதில் குறை சொல்வதா? பிறகு கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து, "அம்மா, இந்த மழை எந்த ஊரில் பெய்தது?" என்று கேட்டான். நம் ஊரில்தான் என்றேன். "நம் ஊரில் மழை வந்தால் யார் ஓடுகிறார்கள்? வெளியே வந்து நின்று பார்ப்பார்கள்" என்றான். வகுப்பே சிரித்தது. அவன் சொன்னது முழு உண்மை. வானம் பார்த்த பூமி இது. 'ஓடினர்' என்ற வரியைச் சாக்பீஸால் அடித்துவிட்டு, 'தெருவில் யாரும் ஓடவில்லை. வாசலுக்கு வந்து நின்றார்கள்' என்று மேலே எழுதினேன். அது வந்ததும் 'மகிழ்ச்சியில் திளைத்தனர்' தேவையில்லாமல் போனது. அதையும் அடித்தேன். 'கொட்டோ கொட்டென்று' இருக்கட்டும் என்று பாதி வகுப்பும், வேண்டாம் என்று மீதிப் பாதியும் மணி அடிக்கும் வரை சண்டை போட்டார்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

இந்த ஒரு பாடவேளையை மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். ஆசிரியர் எழுதியதையே அடிக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் தன் வரியை அடிக்கப் பிள்ளைக்குத் துணிச்சல் வரும்.

காது கண்டுபிடிப்பது

பிறகு இருவர் இருவராக உட்கார வைக்கிறேன். எழுதியவள் படிக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் சத்தமாகப் படிக்க வேண்டும். எழுதியவள் பென்சிலோடு கேட்க வேண்டும். இதை மாற்றிச் செய்தால் பயனில்லை. எழுதியவளுக்குத் தன் மனத்தில் இருப்பது தெரியும், தாளில் இல்லாததையும் சேர்த்துப் படித்துவிடுவாள். அடுத்தவளுக்குத் தாளில் இருப்பது மட்டும்தான். அவள் எங்கே திக்குகிறாளோ, எங்கே மூச்சு முட்டி நிற்கிறாளோ, எங்கே பின்னால் போய் மறுபடி படிக்கிறாளோ, அங்கெல்லாம் எழுதியவள் ஒரு புள்ளி வைக்க வேண்டும். காரணம் எழுத வேண்டாம், புள்ளி போதும்.

அந்தக் காலத்தில் நூல் எழுதியவர் அவையில் அரங்கேற்றம் செய்தார். கேட்டவர்கள் தடை கேட்டார்கள், அவர் விடை சொன்னார். அதைத்தான் பெஞ்சு அளவுக்குச் சுருக்கியிருக்கிறோம் என்று பிள்ளைகளிடம் சொல்வேன். பெயரும் நிலைத்துவிட்டது. "அம்மா, இன்று அரங்கேற்றமா?" என்றுதான் கேட்கிறார்கள். 21 ஜோடிகள் ஒரே நேரத்தில் படித்தால் அறை சந்தைக்கடையாகும். மரத்தடிக்கு அழைத்துப் போய்விடுங்கள்.

படித்து முடித்ததும் மூன்று கேள்வி கேட்க வேண்டும். 'நன்றாக இருக்கிறது' என்று சொல்லக் கூடாது. எழுத்துப்பிழை பற்றி வாயே திறக்கக் கூடாது. தெரிந்துகொள்ள ஆசைப்படுவதை மட்டும் கேட்க வேண்டும். முதல் சில வாரம் 'ஏன் இப்படி எழுதினாய்?' என்று போலீஸ் விசாரணை போலக் கேட்பார்கள். 'அப்புறம் என்ன ஆனது?', 'அது எப்படி இருக்கும்?', 'அப்போது நீ எங்கே இருந்தாய்?' என்று கதை கேட்பது போலக் கேட்கப் பழக்க வேண்டும்.

ஒரு சந்தைக் கட்டுரை

இந்த மூன்று கேள்வி என்ன செய்யும் என்பதற்கு ஒரே ஒரு கட்டுரையைக் காட்டுகிறேன். தலைப்பு 'எங்கள் ஊர்ச் சந்தை'. ஒன்பதாம் வகுப்பு மாணவி முதலில் எழுதியது:

'நம் நாடு ஒரு வேளாண்மை நாடு. வேளாண்மைக்கு மாடு இன்றியமையாதது. எங்கள் ஊர்ச் சந்தையைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம். சந்தையில் மக்கள் கூட்டம் அலைமோதும். பல வகையான மாடுகள் விற்பனை செய்யப்படுகிறது. வியாபாரிகள் பேரம் பேசுவார்கள். சந்தை மக்களுக்கு மிகவும் பயனுள்ளதாக இருக்கிறது என்றால் அது மிகையாகாது.'

பழைய நானாக இருந்தால், 'செய்யப்படுகிறது' என்பதைச் 'செய்யப்படுகின்றன' என்று மாற்றிவிட்டுப் பத்துக்கு ஏழு போட்டிருப்பேன். வேறு பிழையே இல்லை. ஆனால் இந்தக் கட்டுரையை எழுத அவள் சந்தைக்குப் போயிருக்கவே வேண்டாம்.

பக்கத்தில் இருந்தவள் கேட்டாள்: "பேரம் பேசுவார்கள் என்று எழுதியிருக்கிறாயே, என்ன பேசுவார்கள்?"

இவள் சாதாரணமாகச் சொன்னாள்: "பேச மாட்டார்கள். துண்டைப் போட்டு மூடிக்கொண்டு விரலைப் பிடிப்பார்கள். எங்கள் தாத்தா தரகர்தானே."

நான் அந்த ஜோடிக்குப் பின்னால்தான் நின்றுகொண்டிருந்தேன். தரகர் வீட்டுப் பேத்தி, மாட்டுச் சந்தையைக் கண்ணால் கண்டவள், 'பேரம் பேசுவார்கள்' என்று எழுதியிருக்கிறாள். எல்லோரும் எழுதுகிற வரி என்பதால் அவளுக்கே அது பொய் என்று தோன்றவில்லை. "நீ இப்போது சொன்னாயே, அதை இடப்பக்கத்தில் எழுது" என்றேன். "அதையெல்லாம் கட்டுரையில் எழுதலாமா அம்மா?" என்றாள்.

ஒரு வாரம் கழித்து அவளுடைய இரண்டாம் பிரதி இப்படித் தொடங்கியது:

'எங்கள் தாத்தா மாட்டுத் தரகர். சந்தையில் அவர் விலையை வாயால் சொல்ல மாட்டார். வாங்க வந்தவரின் கையைத் தம் துண்டுக்குள் இழுத்துக்கொள்வார். உள்ளே விரல்கள் பேசும். வெளியே இரண்டு பேரும் மாட்டைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எந்த விரலுக்கு எவ்வளவு என்று கேட்டேன். தாத்தா சிரித்தார். சொல்லவில்லை.'

'வேளாண்மை நாடு' தானாகவே கழன்றுவிட்டது. நான் அடிக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: "விரல்கள் பேசும் என்கிறாய். உண்மையில் விரல் என்ன செய்யும்?" யோசித்துவிட்டு 'பேசும்' என்பதை அடித்து 'விரலை அழுத்துவார்' என்று எழுதினாள். அலங்காரம் போய்விட்டதே என்று பக்கத்துப் பெண்ணுக்கு வருத்தம். எனக்கு வருத்தமில்லை.

பத்துக் குற்றங்கள், வாரத்துக்கு ஒன்று

எல்லாக் கட்டுரையும் கேள்வி கேட்டதும் இப்படித் திறந்துகொள்ளாது. பல நேரம் பிள்ளைக்கு எதைத் தேடுவது என்றே தெரியாது. 'நன்றாகத் திருத்து' என்று சொல்வதும் 'நன்றாகப் படி' என்று சொல்வதும் ஒன்றுதான். கையில் எதையும் கொடுக்காது. தேடுவதற்கு ஒரு பெயர் வேண்டும்.

அந்தப் பெயர்கள் நம்மிடம் பல நூற்றாண்டுகளாக இருக்கின்றன. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று பட்டியல் இருக்கிறது: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை. நானும் இதைக் கல்லூரியில் மனப்பாடம் செய்து எழுதி மதிப்பெண் வாங்கியவள்தான். ஒரு நாள் பேருந்துக்குக் காத்திருக்கும்போது சும்மா வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன், உறைத்தது. இந்தப் பத்தில் வழூஉச்சொல் புணர்த்தல் ஒன்றுதான் சொல்லின் பிழை. மற்ற ஒன்பதும் சொல்லும் முறையின் பிழை. பத்தாண்டுகளாக என் சிவப்புப் பேனா அந்த ஒன்றை மட்டுமே துரத்திக்கொண்டிருந்தது.

இப்போது வாரத்துக்கு ஒரு குற்றம். அந்த வாரம் அதை மட்டும்தான் தேட வேண்டும், வேறு எது கண்ணில் பட்டாலும் விட்டுவிட வேண்டும். கூறியது கூறலில் தொடங்குங்கள். கண்டுபிடிக்க எளிது, கண்டுபிடித்தால் பிள்ளைகளுக்குக் குஷி. ஒரே செய்தி வேறு சொல்லில் வரும் இடத்தையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டுக் கோட்டால் இணைக்கச் சொல்வேன். 'மகிழ்ச்சியும் ஆனந்தமும் அடைந்தோம்' என்று இருக்கும். ஒன்றை வைத்துக்கொள், மற்றதை அடி. சிலர் பக்கம் சிலந்திவலை போல ஆகிவிடும்.

வெற்றெனத் தொடுத்தல்தான் நம் பள்ளிக் கட்டுரைகளின் பரம்பரை வியாதி. 'என்பது குறிப்பிடத்தக்கது', 'என்றால் அது மிகையாகாது', 'இன்றியமையாத பங்கு வகிக்கிறது' போன்றவற்றை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் மாட்டியிருக்கிறோம். புதிதாக ஒன்றைப் பிடித்து வருபவர் தம் கையாலேயே அட்டையில் சேர்க்கலாம். இப்போது முப்பதுக்கு மேல் இருக்கின்றன. இரண்டு என் பேச்சிலிருந்து பிடித்தவை. இதற்கு ஒரு கைவேலைச் சோதனையும் உண்டு. முன்னுரையை உள்ளங்கையால் மூடிவிட்டு மீதியைப் படி. கட்டுரை எதையாவது இழக்கிறதா? இழக்கவில்லை என்றால் அந்த முன்னுரை யாருடைய கட்டுரைக்கும் பொருந்தும், உன்னுடையது அல்ல. பத்தில் எட்டு முன்னுரைகள் இந்தச் சோதனையில் போய்விடும். முன்னுரையைக் கடைசியில் எழுதச் சொல்லிவிட்டால் பாதித் தொல்லை தீரும்.

மிகைபடக் கூறல் என்றால் வேண்டியதற்கு மேல் சொல்வது. அளவை மிகைப்படுத்துவதையும் நாங்கள் அதில் சேர்த்திருக்கிறோம். அதற்கு எண்ணச் சொல்லுங்கள். ஊர்த் திருவிழாவுக்கு 'இலட்சக்கணக்கான மக்கள்' வந்ததாக ஒருவன் எழுதினான். ஊரில் எத்தனை வீடு என்று கேட்டேன். விரல் விட்டு எண்ணத் தொடங்கினான். கடைசியில் 'மூன்று வேன் நிறைய வெளியூர்க்காரர்கள் வந்தார்கள்' என்று ஆனது. மயங்க வைத்தலுக்கு நான் வைத்திருக்கும் எடுத்துக்காட்டு: 'மாமா தாத்தாவிடம் தன் மாட்டை விற்கச் சொன்னார்.' யார் மாடு? வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரியும். அவ்வளவுதான், பாடம் முடிந்தது. மற்றொன்று விரித்தலும் மாறுகொளக் கூறலும் தானாகவே சிரிப்பு மூட்டும். அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முதல் பத்தியில் 'எங்கள் ஊரில் நூலகம் இல்லை', மூன்றாம் பத்தியில் 'மாலையில் நூலகத்துக்குச் செல்வேன்' என்று இருந்தால் தோழியே பிடித்துவிடுவாள்.

சென்று தேய்ந்து இறுதல் கொஞ்சம் யோசிக்க வைத்தது. முதல் பக்கம் பாய்ந்து வந்த கட்டுரை கடைசிப் பத்தியில் கால் இழுத்து நடக்கிறது என்றால், காரணம் பெரும்பாலும் பாடவேளை முடிகிற மணி. திருத்தும்போதும் பிள்ளைகள் மேலிருந்தே தொடங்குவதால், கடைசிப் பத்திக்கு வருவதற்குள் மறுபடியும் மணி அடித்துவிடும். அதனால் மாதத்தில் ஒரு முறை கடைசிப் பத்தியிலிருந்து திருத்தத் தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

பத்திகளின் வரிசையை மாற்ற வேண்டுமென்றால் கத்தரிக்கோல் எடுக்கச் சொல்லிவிடுங்கள். ரஃப் தாளைப் பத்தி பத்தியாக வெட்டி, பெஞ்சில் பரப்பி, நகர்த்திப் பார்த்து, பசை தடவி ஒட்டுவது. வலப்பக்கம் மட்டும் எழுதச் சொன்னது இதற்கும்தான்.

ஒற்றும் சந்தியும் கடைசியில்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் எழுத்துப்பிழை. வெட்டப்போகிற வரிக்கு ஒற்றுத் திருத்துவது, இடிக்கப்போகிற சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது போல. அதற்காக எழுத்துப்பிழை முக்கியமில்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதற்கு ஒரு முழுப் பாடவேளையைத் தனியாக ஒதுக்குகிறேன்.

ஒவ்வொருவரின் நோட்டிலும் கடைசிப் பக்கத்தில் 'என் பிழைகள்' என்று ஒரு பட்டியல். நான் பார்த்த வரையில் ஒரு பிள்ளைக்கு ஏழெட்டுப் பிழைகளுக்கு மேல் இருப்பதில்லை. அவற்றையே மாற்றி மாற்றிச் செய்கிறார்கள். ஒருத்திக்கு ணகர னகரம், ஒருவனுக்கு 'ஒவ்வொரு ஊர்களிலும்', இன்னொருவனுக்கு எழுவாய் பன்மையில் இருக்க வினை ஒருமையில் முடிவது. தன் பட்டியலை வைத்துக்கொண்டு, அந்த ஏழெட்டை மட்டும், கடைசி வாக்கியத்திலிருந்து முதல் வாக்கியத்துக்குப் பின்னோக்கித் தேட வேண்டும். நேராகப் படித்தால் கதை கண்ணை இழுத்துக்கொண்டு போய்விடும். பின்னோக்கிப் படித்தால் எழுத்து தெரியும். பிழை இருக்கும் வரியின் ஓரத்தில் நான் ஒரு சின்னக் கோடு மட்டும் போடுவேன். வரியில் எங்கே, என்ன பிழை என்று சொல்ல மாட்டேன். 'மகிள்ச்சி'க்காரனுக்கு அடுத்து வந்த தம்பியும் என்னிடம்தான் படித்தான். அவனுக்கும் அதே ழகரம்தான். மூன்று கோடுகளுக்குப் பிறகு தானாகவே கண்டுபிடித்துவிட்டான்.

சந்தி விதிகள் முழுவதையும் ஒன்பதாம் வகுப்பில் கொட்டாதீர்கள். வேற்றுமை உருபாக வரும் 'ஐ'க்குப் பின்னும் 'கு'வுக்குப் பின்னும் வல்லினம் மிகும்: மாட்டைப் பிடித்தான், சந்தைக்குப் போனான். இந்த இரண்டு கைவந்தாலே நோட்டின் முகம் மாறிவிடும். ஒற்று எதற்கு என்று கேட்கிறவனுக்கு இரண்டு வரி எழுதிக் காட்டுவேன். 'வேலை கொடு' என்றால் பிழைப்புக் கேட்கிறான்; 'வேலைக் கொடு' என்றால் ஆயுதம் கேட்கிறான். 'மருந்து கடை' என்றால் மருந்தைக் கடையச் சொல்கிறோம். 'மருந்துக் கடை' என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரில் இருக்கிறது.

நான் கெடுத்த ஒரு வரி

எல்லாம் சரியாக வந்தது போலச் சொல்லிவிட்டு, கெடுத்ததைச் சொல்லாமல் போகக் கூடாது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாரம், 'பேச்சு வழக்கை நீக்கு' என்று பலகையில் எழுதிப் போட்டேன். அதுதான் அந்த வாரத்துத் தேடல். ஒரு மாணவன் தன் ரஃப் நோட்டில் இப்படி எழுதியிருந்தான்: 'அப்பத்தா வெயிலை வைதுகொண்டே வெங்காயம் அறுத்தாள்.' திருத்திய பிரதியில் அது இப்படி வந்தது: 'பாட்டி வெயிலின் கொடுமையைக் கண்டு வருந்தியவாறு வேளாண் பணிகளை மேற்கொண்டார்.'

பிழையே இல்லாத வாக்கியம். அப்பத்தாவும் இல்லை, வெங்காயமும் இல்லை, வெயிலை வைகிற வாயும் இல்லை. நான் சொன்னதைத்தான் அவன் செய்திருந்தான். மறுநாள் அவனிடம், "தவறு என்னுடையது, பழைய வரியை எடுத்துக்கொள்" என்றேன். அவன் நம்பவில்லை. புதியதுதான் 'கட்டுரை மாதிரி' இருக்கிறது என்று சாதித்தான். கடைசி வரை மாற்றவில்லை, நானும் கட்டாயப்படுத்தவில்லை. அதற்குப் பிறகு திருத்திய பிரதியைப் பழையதோடு பக்கத்தில் வைத்து, கெட்டுப்போன ஓர் இடத்தைக் கண்டுபிடிக்கச் சொல்வதையும் பாடத்தில் சேர்த்துவிட்டேன். உறவுப் பெயர், ஊர்ப் பெயர், பயிர்ப் பெயர், கருவிப் பெயர் ஆகியவற்றில் கை வைக்கக் கூடாது என்பது இப்போது எங்கள் வகுப்பின் சட்டம். யாரேனும் பேசுவதை மேற்கோள் குறிக்குள் எழுதினால் அவர் பேசியபடியே இருக்கலாம்.

மதிப்பெண், தேர்வு, நேரம்

மதிப்பெண் தராத எதையும் பிள்ளைகள் நீண்ட நாள் செய்ய மாட்டார்கள். பத்தில் ஆறு கடைசிப் பிரதிக்கு. நான்கு, முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் நடுவில் நடந்த வேலைக்கு. அதனால் ரஃப் நோட்டையும் சேர்த்துத்தான் வாங்குவேன். அடித்தலே இல்லாத ரஃப் நோட்டுக்கு அந்த நான்கும் கிடையாது. கண் கலங்கிய முதல் பெஞ்சு மாணவி இந்தக் கணக்கைக் கேட்டதும் இரண்டே வாரத்தில் மாறிவிட்டாள். சில வரிகளை வேண்டுமென்றே தவறாக எழுதி அடித்திருப்பாளோ என்று எனக்குச் சந்தேகமும் உண்டு.

பொதுத் தேர்வில் திருத்தி எழுத ஏது நேரம் என்று சக ஆசிரியர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பத்தாம் வகுப்புத் தேர்வில் குறிப்புகளைக் கொடுத்து எழுதச் சொல்கிற கட்டுரைக்கு எட்டு மதிப்பெண். அங்கே இரண்டாம் பிரதி கிடையாது. நான் பத்தாம் வகுப்பில் கடைசி மூன்று மாதம் கணக்கை மாற்றிவிடுகிறேன். எழுதும் முன் ஐந்து நிமிடம், குறிப்புக்கு எதிரில் நான்கைந்து சொல். எழுதி முடித்ததும் கடைசிப் பத்தியும் சொந்தப் பிழைப் பட்டியலும். அவ்வளவுக்குத்தான் நேரம். ஆனால் ஒன்பதாம் வகுப்பு முழுக்க வெட்டிப் பழகியவனுக்கு வெற்று வரி எழுதும்போதே கை கொஞ்சம் தயங்குகிறது.

எனக்கும் ஞாயிற்றுக்கிழமை திரும்பக் கிடைத்திருக்கிறது. 42 நோட்டையும் ஒரே வாரத்தில் படிப்பதில்லை, வாரம் 14. ஒரு நோட்டில் இரண்டே குறிப்பு எழுதுவேன். நல்ல வரி ஒன்றின் கீழே அலைக்கோடு, பதில் தெரியாத கேள்வி ஒன்று. அதுவும் பென்சிலால். மூன்றாவதாக எழுதக் கை துறுதுறுக்கும். அடக்கிக்கொள்ள வேண்டும்; அது அவர்கள் கண்டுபிடிக்க வேண்டிய பிழை.

சந்தைக் கட்டுரை எழுதியவளுக்கு மதிப்பெண் போட்டு, நோட்டுகளைக் கட்டி அலமாரியில் வைத்த பிறகு, ஒரு மதிய இடைவேளையில் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். நோட்டு வேண்டும் என்றாள். எதற்கு, அதுதான் முடிந்துவிட்டதே என்றேன்.

"நேற்றுத் தாத்தா என் கையைத் துண்டுக்குள் வைத்துக் காட்டினார் அம்மா. அழுத்துவதில்லை. ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பிடித்து விடுகிறார். 'அழுத்துவார்' என்று எழுதியிருக்கிறேன், மாற்ற வேண்டும்."

சாப்பாட்டுக் கையோடு எழுந்து போய், அலமாரிச் சாவி இருக்கும் இடத்தைக் காட்டினேன்.